பக்கச் சார்பும் மெய்யுணர்வும்

சமயநூற் பொருள்களை ஆராயும் அவைகளில் இக்காலத்து அடுத்தடுத்து எழுப்பப்படும் கடா ஒன்று உண்டு. "சைவர் சிவபெருமானே முழுமுதல் என்று முன்னரே துணிந்துகொண்டு, பின்னர் அத்துணிவினை நிலைநாட்டுதற்கு வேண்டும் ஏதுக்களைத் தேடுகின்றனர். விரும்பிய முடிபிற்கு ஏதுத் தேடுவோன் மெய்யைக் காண்டல் யாங்ஙனம்? ஆகலின் அவர்தம் அளவையும் பரபக்க மறுப்பும் வழக்குரையே யன்றி ஆராய்ச்சி ஆகா" என்பதே அது. இதனை வினவுவோர் எல்லாரும் பகைமை பற்றி வினவுவா ரல்லர். சைவ மரபிற் பிறந்து, திருநீறிட்டு, திருமுறை ஓதிப் பின்னர்க் கல்லூரிகளிற் பயின்று வரும் இளைஞரும் இதனைத் தம்முள்ளே வினவி விடை காணாது நிற்கின்றனர். ஆதலின் இக்கடா வாளா இகழ்ந்து விடத்தக்கதன்று, விடுத்தற்கு உரியது.

இதற்கு எளிதிற் கூறப்படும் விடைகள் இரண்டு. "சைவர்க்குச் சார்பென்பதே இல்லை, மெய்யையே நாடினர், மெய்யே வாய்த்தது" என்பது ஒன்று. இவ்விடை பொருந்தாது. இறைவன்பால் அன்பு பூண்டு, அவ்வன்பே வாழ்வாகக் கொண்ட ஆசிரியர்கள் தம் பொருளின்கண் விருப்பின்றி எழுதினர் என்றல் அவர்தம் பெருமையையே குறைப்பதாம். "உலகத்தில் எல்லாரும் சார்புடையரே, ஆகலின் ஒருவரை ஒருவர் குறைகூறுதல் வேண்டா" என்பது மற்றொன்று. இது முன்னையதினும் தீது. இங்ஙனம் கூறுவோர் உலகாயதன் கூற்றும் சித்தாந்தியின் கூற்றும் ஒருநிகரன என உடன்பட்டவராவர். தம் வீட்டைக் காத்தற்குத் தாமே தீயிட்டது போலும் இவ்விடை. இவ்விரண்டனையும் ஒழித்து, சார்பு பற்றி நிகழும் ஆராய்ச்சி மெய்யிற் சென்று சேருமா, சேருமாயின் எவ்வழியாற் சேரும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் சொல்லினை நோக்குக. பக்கம் என்னும் சொல் வடமொழிப் பட்ச மென்பதன் திரிபு. சிறகு, புறம், கட்சி என்னும் பொருள்களை உடையது. ஒருபாற் கோடுதலைப் பட்சபாதம் என்று உலகம் பழிக்கும். அச்சொல்லே அளவை நூலார் வழக்கில், துணியப்படும் பொருளுக்கு இடமாய் நிற்பதனை உணர்த்தும். மலையின்கண் தீ உண்டு என்று கருதலளவையால் துணியுமிடத்து மலை பக்கமாம்; அடுக்களை சபக்கமாம்; நீர்நிலை விபக்கமாம். பக்கம் ஒன்றனை மேற்கொள்ளாது அனுமானம் தொடங்குதலே இயலாது. ஆகவே ஒருபக்கத்தை மேற்கொள்ளுதல் வேறு; அப்பக்கத்திற்காக அளவையை வளைத்தல் வேறு. முன்னது ஆராய்ச்சிக்குத் தொடக்கம். பின்னது ஆராய்ச்சிக்குக் கேடு. இவ்விரண்டனையும் ஒன்றாக எண்ணியதனாலேயே மேற்கூறிய கடா வலியுடையது போலத் தோன்றுகின்றது.

இனி, ஒருவன் கொண்ட கொள்கை பற்றி வினவத்தக்கன மூன்று. அக்கொள்கை அவன்பால் எவ்வாறு தோன்றிற்று என்பது ஒன்று. அது மெய்யோ பொய்யோ என்பது மற்றொன்று. அவன் அதனை அறிந்தானோ, அறியாதே கொண்டானோ என்பது பிறிதொன்று. தோற்றத்தின் குற்றம் பொருளின் குற்றம் ஆகாது. தந்தை அச்சுறுத்தியமையால் நஞ்சினை அஞ்சிய சிறுவன் அச்சத்தினாலேயே அஞ்சினான். எனினும் நஞ்சு கொல்லும் என்பது மெய்யே. ஆகலின், "நீ விரும்பியதனால் நம்பினாய்" என்று காட்டிய அளவானே ஒருவன் கொள்கை பொய்யென்று முடிந்துவிடாது. அங்ஙனமாயினும், அது மெய்யாய் முடிந்த அளவானே அவன் அறிந்தவனும் ஆகான். இந்நுட்பத்தினைப் பண்டைத் தருக்க நூலார் நன்கு ஆராய்ந்துள்ளனர்.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டினராகிய தருமகீர்த்தி என்னும் பௌத்த ஆசிரியர் காட்டும் உவமை ஒன்று உண்டு. இருவர் இருளில் ஒளி கண்டனர். ஒருவன் கண்டது மணியின் ஒளி. மற்றவன் கண்டது விளக்கின் ஒளி. இருவரும் தாம் கண்ட ஒளியையே மணியெனக் கருதி ஓடினர். ஒளியை மணியென்றமையால் இருவர் உணர்வும் திரிபே. ஆயினும் முன்னவன் மணியைப் பெற்றான், பின்னவன் பெற்றிலன். அவர்க்குப் பின் 8-ஆம் நூற்றாண்டில் வந்த தருமோத்தரர் வேறொன்று கூறுவர். ஓரிடத்தில் இறைச்சி சுடுதற்குத் தீ மூட்டப்பட்டது. அதன்மேற் பூச்சிக் கூட்டம் திரண்டது. தொலைவில் நின்றான் ஒருவன் அக்கூட்டத்தைப் புகையெனக் கருதி, ஆண்டுத் தீ உண்டு என்று துணிந்தான். தீ உண்டென்பது மெய். அவன் கொண்ட ஏதுவோ போலி. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிரீஅருடர், மூடிய கைக்குள் உள்ள சோழிகளின் தொகையைக் குருட்டாம்போக்கிற் கூறிய ஒருவன் கூற்று ஒத்துப்போதலை எடுத்துக்காட்டி, மெய்யாய் முடிதல் ஒன்றே அளவையுணர்வு ஆகாமையை நையாயிகர்க்கு இடர்ப்பாடாக நிறுத்தினர்.

இவற்றாற் பெறப்படுவது யாது? பிழைபட்ட வழியிற் சென்றோரும் ஒரோவழி மெய்யைத் தலைப்படுவர் என்பது பெறப்படும். ஆகலின், சார்பினாற் செல்வோர் ஒருகாலும் மெய்யடையார் என்னும் கூற்றுப் பொருந்தாது. ஆனால் இவ்வளவு கொண்டு மகிழ்தற்கு இடமில்லை. சோழியின் தொகையைக் குறித்தவன் நாளையும் அவ்வாறே குறிப்பான் என்பதற்கு உறுதி யாதும் இன்று. எனினும் தருமகீர்த்தியின் உவமையில் மற்றொரு நுட்பமும் உளது. மணியொளி மணியின்றித் தோன்றாது. அவ்வொளியை நோக்கி ஓடினவன் திரிபுணர்வு உடையவனாயினும், அவன் ஓட்டம் மணியோடு தொடர்புடையது. ஆகவே சார்புகளும் ஒருதன்மையன அல்ல என்பது போதரும். பொருளோடு தொடர்புற்றுப் பொருளினின்றே எழுந்த சார்பு வேறு. பொருளோடு தொடர்பின்றிப் புறத்தே எழுந்த சார்பு வேறு.

வாதத்தின்கண் எழும் சார்பினை நியாய நூல் செய்த அக்கபாதர் மூவகை உரையாடலில் வைத்து விளக்கினர். மெய் காண்டலே பயனாக ஆசிரியனும் மாணாக்கனும் போல்வார் நிகழ்த்துவது வாதம். வெல்லுதலே பயனாகச் சூழ்ச்சியும் போலியும் கலந்து நிகழ்த்துவது செற்பம். தனக்கென ஒருபக்கம் கொள்ளாது பிறர் பக்கத்தை அழிப்பதே தொழிலாக நிகழ்த்துவது விதண்டை. இவற்றுட் பின்னைய இரண்டும் சார்பு மிக்கன என்பது வெளிப்படை. எனினும் அவர் அவற்றை முற்றும் விலக்கினாரல்லர். முளைத்த பயிரைக் காத்தற்கு முள்வேலி இடுதல் போல, தோன்றிய மெய்த்துணிவினைக் காத்தற்கு அவை பயன்படும் என்றனர். ஈண்டு உவமையின் எல்லையை உற்று நோக்குதல் வேண்டும். வேலி விளைவைத் தாராது. விளைவு மண்ணினின்றும் மழையினின்றும் வருவது. ஆயினும் வேலியின்றி விட்ட விளைவு வீடு வந்து சேர்தல் அரிது. வென்றி விருப்பம் மெய்யினைப் படைக்கமாட்டாது; படைக்கப்பட்டதனைக் காக்க மாட்டும்.

சைவ சித்தாந்த ஆசிரியர்கள் இவ்வேலியை இட்ட முறை தனிச்சிறப்புடையது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இருகூறாக வகுத்து, பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகளை ஆராய்ந்தனர். ஒவ்வொருவர் மதத்தையும் முதலில் அவரவர் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுதலை கூறினர். உலகாயதன் கூற்றாக அமைந்த செய்யுட்களைத் தனியே படிப்பார்க்கு அவன் வாதம் எத்துணைக் கூர்மையுடையது என்பது நன்கு விளங்கும். மாற்றானை வலியிழக்கச் செய்து காட்டி வெல்லும் வழக்கம் அந்நூலுள் இல்லை. இஃது ஏன்? தன் வீட்டுக் கூரையின் ஒழுக்கு உள்ளே உறைபவன் கண்ணுக்குக் கோடையிற் புலப்படாது; மழையே அதனைக் காட்டும். தன் பக்கத்தின் மெலிவு தனக்குத் தோன்றாது. அழிக்க விரும்பும் மாற்றானுக்கே தோன்றும். அவன் விருப்பம் பகைமை பற்றியதாயினும் அவன் காட்டும் ஒழுக்கு மெய்யான ஒழுக்கே. அதனை அடைத்தபின் அக்கூரை உறைபவனுக்கே பயன்படும்.

உமாபதி சிவாசாரியர் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணம் இவ்வுண்மையை இன்னும் தெளிவுறக் காட்டும். மாயாவாதம் முதற் சைவவாதம் ஈறாக ஒன்பது கொள்கைகள் அதன்கண் ஆராயப்படுகின்றன. ஒருவர் தம் சங்கற்பத்தைக் கூற, அடுத்து வருபவர் அதனை நிராகரித்துத் தம்மதம் நிறுவ, அவரைப் பின்வருபவர் நிராகரிக்கும் முறையில் நூல் செல்கின்றது. மாயாவாதியை மறுக்கும் ஐக்கவாதி ஆணவமலத்தை உடன்படாதவர். ஆகலின் அவர்தம் முடிபு சித்தாந்திக்கு உடன்பாடன்று. எனினும் மாயாவாதிமேல் அவர் தொடுக்கும் தடைகள் அவர் முடிபு பிழையாதல் பற்றிப் பிழைபடா. அவரை மறுக்கும் பாடாணவாதியும், முத்தியில் உயிர் கல்லைப்போல் அறிவின்றிக் கிடக்கும் என்று தாம் ஓரிடத்துத் தவறுவர். பொய்யாகிய தம்மதத்தைக் காக்கும் வேட்கையாற் பேசுவோர் வாயினின்றும் மெய்யாகிய தடைகள் பிறத்தலை அந்நூல் படிதோறும் காட்டுகின்றது. மறுத்தவர் அனைவரும் சார்புடையர். மறுப்புக்களோ நிறுத்து எடுத்துக்கொள்ளத்தக்கன. இங்ஙனம் நிறுத்து எடுத்தற்கு உமாபதியார்க்கு உதவியது சார்பின்மையன்று. எல்லார் கூற்றையும் ஒரே துலையில் இட்ட நேர்மையே என்க.

இஃது இந்நாட்டுச் சமயவாதத்திற்கே உரிய இயல்பன்று; பிறநாட்டு இயற்கைநூல் ஆராய்ச்சியிலும் காணப்படுவது. செருமனி நாட்டு வானநூற் புலவராகிய கெப்ளர் ஞாயிற்றினைத் தம் சமயத்துத் தந்தையாகிய கடவுளின் சாயலாகக் கருதிப் போற்றியவர். இறைவன் வடிவ கணிதத்தின் அழகு தோன்றவே உலகினைப் படைத்திருத்தல் வேண்டும் என்பதும் அவர் துணிபு. அத்துணிபினால், அக்காலத்து அறியப்பட்ட ஆறு கோள்களின் இடைவெளி ஐந்தும் ஐவகை ஒழுங்குக் கனவடிவங்களால் அளக்கப்பட்டன என்று 1596-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அது பொய், 1781-இல் யுரேனசு என்னும் கோள் காணப்பட்டபோது ஆறு என்னும் தொகையே அழிந்தது. ஆனால் அவ்வன்பே, ஏனையோர் ஞாயிற்றுக்கு விலகிய ஒரு புள்ளியினின்றும் அளந்த கோள்நெறியை ஞாயிற்றினின்றே அளக்குமாறு அவரைத் தூண்டிற்று. செவ்வாயின் நெறியை ஆராய்ந்து அவர் அமைத்த ஒரு கணக்கு, டைக்கோ பிராகி என்பார் கண்டு குறித்துவைத்த நிலைகளோடு எட்டுக் கலை அளவே மாறுபட்டது. எட்டுக் கலை என்பது வானில் தோன்றும் திங்களின் அகலத்தில் ஏறத்தாழக் காற்கூறு. பல்லாண்டு உழைத்து அமைத்த கணக்கினை அவ்வளவு சிறு மாறுபாடு பற்றிக் கெப்ளர் கைவிட்டனர். விட்டமையாலேயே கோள்நெறி வட்டமன்று, நீள்வட்டம் என்னும் மெய்யினை 1609-இல் வெளியிட இயன்றது. ஒரே அன்பு ஒருமுறை பொய்யிலும் ஒருமுறை மெய்யிலும் கொண்டு சென்றது. வேறுபாடு அன்பில் இல்லை. காண்டலளவைக்குத் தலைவணங்கிய இடத்தில் உள்ளது.

இனித் தமிழ்நாட்டுச் சைவ ஆராய்ச்சியிலேயே நிகழ்ந்த ஒன்றனை எடுத்துக்கொள்க. மணிவாசகப் பெருமானின் காலம் பற்றிய வழக்கு அது. தேவார ஆசிரியர் மூவர்க்கும் முற்பட்டவர் என்று நாட்டுதற்கு முயன்ற அறிஞருள் மறைமலையடிகள் தலைசிறந்தவர். அவர் 1930-இல் வெளியிட்ட ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்னும் பெருநூலில் மூன்றாம் நூற்றாண்டே பெருமானின் காலம் என்று நிறுவப் புகுந்தனர். திருவாசகத்தின்பால் அவர் கொண்ட பேரன்பு அந்நூலின் ஒவ்வொரு பகுதியிலும் புலனாகும். இக்காலத்து வரலாற்று நூலாருட் பெரும்பாலார் அம்முடிபினை ஏற்றிலர். ஒன்பதாம் நூற்றாண்டே பொருந்தும் என்பர். திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் பெயர் வந்திருத்தலும், திருத்தொண்டத்தொகையுள் அடிகளின் பெயர் வெளிப்படக் காணப்படாமையும் அவர் காட்டும் ஏதுக்களுள் தலையாயன. எனினும் அடிகளாரின் அன்பு வீணாயிற்று என்று கூறலாகாது. அவ்வன்பினாலன்றோ இலக்கியச் சான்றும் வரலாற்றுச் சான்றும் ஒருங்கே திரட்டப்பட்டன! அம்முடிபை மறுப்போரும் அவர் திரட்டியவற்றுக்கு விடை கூறியே செல்லவேண்டியவராயினர். விருப்பம் சான்றுகளைத் திரட்டிற்று. தீர்ப்பு மட்டும் விருப்பத்தின் வழி நில்லாது சான்றின் வழிச் சென்றது.

இவ்வழக்கிற் கருதத்தக்க சான்று ஒன்று உண்டு. பழனியை அடுத்த ஐவர்மலையில் உள்ள கல்வெட்டுச் சகம் 792 என்னும் ஆண்டினை வரகுணன் ஆட்சியின் எட்டாம் ஆண்டாகக் குறிக்கின்றது. சகம் 792 என்பது கி.பி. 870, ஆகவே அவ்வரகுணன் அரசுகட்டில் ஏறியது 862 என்று துணியப்படும். அக்கல்வெட்டினை வெட்டுவித்தோர் சைவரல்லர். பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கி, அவற்றின் வழிபாட்டிற்குப் பொன் வைத்த சமணர். அவர் தம் அறத்தை நிலைநிறுத்தும் பொருட்டே எழுதினர். மணிவாசகர் காலத்தை யாரும் ஆராய்வர் என்று நினைத்தும் இரார். கோவையார் கூறும் வரகுணன் இவனோ, இவனுக்கு முன்னிருந்த வரகுணனோ என்பதில் அறிஞர்க்குக் கருத்து வேறுபாடு உளது. ஆயினும் பாண்டியர் கால வரிசைக்கு அசையாத ஊன்றுகோலாய் நிற்பது சமணர் தம் சார்பு பற்றி வெட்டுவித்த அக்கல்லே. ஒரு சாரார் தம் பயன் கருதிச் செய்தது மற்றொரு சாராரின் வழக்கிற்கு நடுநிலைச் சான்றாயினமை காண்க. சார்பு எப்பொருளின்கண் உளதோ அப்பொருளின்கண்ணேயே ஐயம் வைத்தற்குரியது. அதனைக் கடந்த பொருளின்கண் அச்சார்பு தடையாகாது.

இதுகாறும் கூறியவற்றால், சார்பு தூண்டும். அளவை துணியும் என்னும் நெறி பெறப்பட்டது. இந்நெறிக்குச் சித்தாந்த நூல்களிலேயே ஆழ்ந்த அடிப்படை உண்டு. ஆணவத்தால் மறைப்புண்ட உயிர்க்கு அறிவும் இச்சையும் செயலும் தாமே விளங்கா. அவற்றை விளக்குதற்கு இறைவன் மாயையினின்றும் கருவிகளைக் கூட்டுகின்றான். அக்கருவிகளுட் கலை செயலையும், வித்தை அறிவினையும், அராகம் இச்சையையும் எழுப்புவன. அராகம் என்பது விருப்பமே. விருப்பம் எழாதவழி அறிவு பொருளின்மேற் செல்லாது. செல்லாதவழி ஆராய்ச்சி இல்லை. கேவலத்தில் உயிர் விருப்பின்றிக் கிடக்கின்றது, ஆனால் ஆண்டு நடுநிலை உளதென்று எவரும் கூறார், ஆண்டுள்ளது இருளே. சகலத்தில் விருப்பத்தோடு கூடியே அறிவு தொழிற்படும். விருப்பு வெறுப்பற்று அருளால் உள்ளவாறு காண்டல் சுத்தத்திற்கு உரியது. ஆகவே சார்பின்மை ஆராய்ச்சியின் தொடக்கமன்று, முடிபு. "யான் யாதொரு சார்பும் இல்லேன்" என்று ஆராயத் தொடங்குவோன் தன் நிலையையே அறியாதவனாவன். மாயையை விடியுமளவும் உதவும் விளக்காக ஆசிரியர்கள் கூறுவர். அவ்விளக்கின் நெய்யாய் நிற்பது அராகம் எனலாம்.

அற்றேல், விருப்பம் அறிவைத் திரித்தலும் கண்கூடன்றோ எனின், அற்றே, திரித்தலும் உண்டு. ஆனால் அத்திரிபு விருப்பம் என்னும் அளவில் நிகழ்வதன்று. யான் எனது என்னும் ஆணவத்தின் தொடர்பால் நிகழ்வது. பொருளின்மேற் சென்ற விருப்பு வேறு. பொருளினின்றும் மீண்டு தன்மேல் திரும்பிய விருப்பு வேறு. மணியை விரும்பியவன் கையிற் கிடைத்தது மணியோ கண்ணாடியோ என்று உரைத்துப் பார்ப்பான். கண்ணாடி அவனுக்குப் பயன்படாது. மணி கண்டான் என்னும் பெயரை விரும்பியவனோ கண்ணாடியையும் மணியென்று நாட்டுவான். அவனுக்கு வேண்டியது மணி யன்று. மெய்யின்மேல் வைத்த காதல் முறுகுந்தோறும் பிழைக்கு அஞ்சும். தன்மேல் வைத்த காதல் முறுகுந்தோறும் பிழையை மறைக்கும். சமயவாதிகளைக் குறைகூறுவோர் இவ்விரண்டனையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். சமயவாதிகளும் தம்முள் எது நிகழ்கின்றது என்று தாமே ஆராய்தல் வேண்டும்.

இதற்குத் திருநாவுக்கரசு நாயனாரின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாம். மருணீக்கியார் நிலையாமை யுணர்ந்து நல்லாறு தேடிச் சமணஞ் சார்ந்து, அந்நூல்களைக் கசடறக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றனர். பின்னர்ச் சூலைநோய் பற்றி வருத்த, திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருநீறு பெற்று, வீரட்டானத்து இறைவனைப் பாடி நோய் நீங்கினர். ஐயுறுவான் ஒருவன், "நோயின் கொடுமை தாளாது சமயம் மாறினார், இது வேண்டுதல் பற்றிய துணிபே யன்றி மெய்யுணர்வு அன்று" என்று கூறலாம். வழி அதுவே என்று ஒப்புக்கொள்ளுதலில் இழுக்கொன்றும் இல்லை. நோயே அவரைத் திருவதிகைக்குக் கொணர்ந்தது. சேக்கிழார் அதனை மறைத்தாரல்லர். ஆனால் வரலாறு ஆண்டே முடியவில்லை. நோய் நீங்கியபின், சூலை தீர்தல் என்னும் பயன் முடிந்துவிட்டது. அதன்பின் பல்லவ மன்னன் ஏழுநாள் நீற்றறையில் இட்டான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் வீழ்த்தினான். உடலின் நலம் கருதும் விருப்பம் அனைத்தும் இப்போது மறுபுறம் நின்று, சிவனை மறப்பின் உய்யலாம் என்றது. அவர் மறந்திலர். நலம் பற்றி வந்த துணிபு நலத்தோடு மாறுபட்டபோதும் நிலைத்தமையால், அது நலத்தின் நிழலன்று என்பது தெளிவாயிற்று. இதனைப் பிற மதத்தார்முன் சிவபரத்துவத்திற்கு அளவையாக வைத்தல் கூடாது. அவர்க்கு இவ்வரலாறு உடன்பாடன்று. சைவர் தம் துணிபினைத் தாமே உரைத்துப் பார்த்தற்கு ஏற்ற உரைகல்லாகக் கொள்ளுதலே முறை.

எனவே சார்புடையோன் தன் முடிபு மெய்யோ என்று ஆராய்தற்கு உரிய தேர்வுகள் நான்காம். முதலாவது, தன் ஏதுவை மாற்றான் எடுத்து நிறுக்கும்படி வெளிப்பட வைத்தனனோ என்பது. அருணந்தியார் காட்டிய நெறி இது. இரண்டாவது, பிறர் நூலுக்கு இட்ட அளவையையே தன் நூலுக்கும் இட்டனனோ என்பது. உமாபதியாரின் துலை இது. மூன்றாவது, தான் வேண்டியதற்கு மாறான சிறு சான்று தோன்றியவழி, எட்டுக் கலை என்று அதனைப் புறக்கணித்தனனோ, அன்றி அதன்முன் தன் உழைப்பைக் கைவிட்டனனோ என்பது. நான்காவது, இம்முடிபினால் தனக்கு வரும் நலம் நீங்கி அல்லலே வரினும் இதனையே கொள்வனோ என்பது. இந்நான்கிலும் வழுவாத துணிபு எச்சார்பிற் பிறந்ததாயினும் கொள்ளத்தக்கது. இவற்றுள் ஒன்றற்கும் உட்படாத துணிபு, நடுநிலை என்னும் பெயரோடு வரினும் தள்ளத்தக்கது.

இத்தேர்வுகளைப் பிறர்மேல் ஏவுதல் எளிது. தம்மேல் ஏற்றுதல் அரிது. பிறமதத்து நூலில் ஒரு முரண் கண்டவிடத்து விளக்கேற்றிக் காட்டும் சைவர், தம் புராணத்தில் ஒரு முரண் கண்டவிடத்துக் கண்மூடிச் செல்லுதல் உண்டு. தலபுராணம் ஒன்றன் காலத்தைக் கல்வெட்டு மறுத்தவழிக் கல்வெட்டினையே ஐயுறுவாரும் உளர். இஃது அன்பின் செயலன்று. அன்பின் பெயரால் ஆணவம் செய்வது. இறைவன் மெய்ப்பொருளாதலின் மெய்யெதுவும் அவனுக்கு மாறாகாது. அங்ஙனமாக, ஒரு கல்வெட்டுக்கு அஞ்சிச் சைவத்தைக் காத்தல் சைவத்தின்பால் ஐயமுடைமையையே காட்டும்.

தொடக்கத்து எழுந்த கடாவிற்கு விடை இவ்வாறு கூறி முடிக்கப்படும். சைவ ஆசிரியர்கள் சார்புடையரே. அதனை மறைக்க வேண்டா. சார்பு அவர்களை ஆராயத் தூண்டிற்று; ஆராய்ந்தவற்றை அவர்கள் எல்லார்க்கும் ஒத்த அளவையில் வைத்து வெளியிட்டனர். ஆகலின் கடாவுவோன் அவர்தம் உள்ளத்தை ஆராய்ந்து அமைதல் போதாது. அவர் வைத்த ஏதுவை எடுத்து ஆராய்தல் வேண்டும். ஏது வழுவுடைத்தாயின் அதனைக் காட்டுக. காட்டுவோன் பகைவனாயினும் கூரையின் ஒழுக்கைக் காட்டிய மழையென அவனைச் சைவர் ஏற்றுக்கொள்வர். ஏது வழுவிலதாயின், அதனை எழுதிய கையின் அன்பு அதற்குக் குறையாகாது. இருளிற் கண்ட ஒளியை நோக்கி ஓடினவன் ஆவலால் ஓடினான் என்பது மெய்யே. ஆவலின்றி இருந்தவனோ இருந்த இடத்திலேயே இருந்தான். ஓடியவன் கை திறந்து பார்க்கட்டும், பிறர்க்கும் காட்டட்டும். மணியாயின் மணியென்று யாவரும் அறிவர்.

திருச்சிற்றம்பலம்.